அப்புறம் என்று கேட்டவர்

இறால் குஞ்சு வந்து இறங்குகிற விடியலில் அவர் யாரோடும் அதிகம் பேசமாட்டார். வடக்கே கடலோரத்துப் பொரிப்பகத்திலிருந்து வேன் வரும். காற்றடைத்த பைகளுக்குள் தண்ணீர், தண்ணீருக்குள் குஞ்சுகள். ஒரு பையைப் பிரித்து, ஒரு குவளை அள்ளி, வெள்ளை பேசினில் ஊற்றுவார். முதலில் எனக்கு ஒன்றும் தெரியாது. வெறும் தண்ணீர்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் தண்ணீர் தானாக அசைவது போலிருக்கும். பிறகுதான் இமைமுடித் துண்டுகள் மாதிரி அவை கண்ணுக்குப் பிடிபடும்.

அவர் உள்ளங்கையைத் தண்ணீரில் விட்டு ஒரு சுற்றுச் சுற்றிவிடுவார். கையை எடுத்துவிட்டுக் குனிவார். சுழலோடு போகிற குஞ்சுகளை அவர் பார்க்கமாட்டார்.

"போற தண்ணியோட போறது போயிடும் பாப்பா. எதிர்த்து நீந்துது பாரு, அதுதான் நிக்கும்."

முத்துப்பேட்டைக்கு அப்பால், அலையாத்திக் காடு தொடங்குகிற இடத்தில் இருந்தது அந்தப் பண்ணை. நெல் விளைந்த வயல்களை வெட்டிக் குட்டைகளாக்கி, உப்புத்தண்ணீர் விட்டு, இறால் வளர்த்தார்கள். அவர் அங்கே ராக்காவல். விடியும் முன்தான் தண்ணீரில் காற்றுக் குறையும். அப்போது துடுப்புச் சக்கரங்கள் நின்றுபோனால் குட்டை முழுவதும் செத்து மிதக்கும். அதனால் அவருக்கு இரவுதான் பகல்.

அவர் என் அக்கா புருஷன். பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இது அவருடைய உடம்பைப் பற்றிய கதையும்கூட. ஊரிலும் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "அப்புறம் வர்றாரு", "அப்புறத்தைக் கேளு" என்பார்கள். யார் எதைச் சொன்னாலும் அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, சிறுபிள்ளை கதை கேட்கிற முகத்தோடு, "அப்புறம்?" என்பார். மழை வரும் போலிருக்கிறது என்றால், அப்புறம்? மகனைத் துபாய்க்கு அனுப்பிவிட்டேன் என்றால், அப்புறம்? ஓட்டுக் கேட்டு வந்த கட்சிக்காரர் ஒருவர் தெருவில் வரிசையாகக் கும்பிட்டுக்கொண்டே வந்து, "எங்களை ஜெயிக்க வைங்க" என்றார். இவர் ஆசையாகக் கேட்டார்: "ஜெயிச்சதுக்கு அப்புறம்?" அந்த மனிதர் கூப்பிய கையைப் பிரிக்காமலேயே அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

கேலியாகக் கேட்பதில்லை. அதுதான் ஆச்சரியம். நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் அவருக்கு.

என் அக்கா மேரியைப் பெண் பார்க்க வந்த அன்றும் அப்படித்தான். நன்னிலம் பக்கம் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நட்டு, கூலிக்கு அறுத்தவர்கள். வந்தவர்களை உட்காரவைக்க மாதா கோயிலிலிருந்து பெஞ்சு எடுத்து வந்திருந்தோம்.

"பொண்ணு எட்டு வரைக்கும் படிச்சிருக்கு" என்றார் அப்பா.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன மாப்ளை, நடவுக்குப் போயிடுச்சு."

"சின்னவங்க?"

"அது பத்தாவது. நல்லாத்தான் படிக்குது."

"அப்புறம்?"

அப்பா விழித்தார். பத்தாவதுக்கு அந்தப் பக்கம் ஒரு இடம் இருப்பதாக எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. நான் அடுப்படியிலிருந்து, "பன்னண்டாவது. அப்புறம் ரத்தம் பாக்குற படிப்பு" என்றேன். எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை என்று இன்றைக்கும் தெரியாது. அதற்கு முந்தின வாரம் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று தர்மாஸ்பத்திரிக்குப் போனபோது, ஒரு அக்கா வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு கண்ணாடிக் குழாய்களை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்ப்பதைப் பார்த்திருந்தேன். அவ்வளவுதான்.

அவர் கதவிடுக்கைப் பார்த்து, "ம்" என்றார்.

நான் படித்தேன். எங்கள் தெருவில் வெள்ளைக் கோட்டுப் போட்ட முதல் ஆள் நான்தான். தஞ்சாவூரில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை கிடைத்தது. சம்பளம் குறைவுதான்; ஆனால் அந்தக் கோட்டைத் துவைத்துக் காயப்போடுகிற கொடியை விடுதியில் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

அவர் நல்ல உயரம். கைகள் முழங்காலைத் தொடுமோ என்று தோன்றும். முகம் வழவழவென்று இருக்கும். குரல் மெல்லிசு. சலூனில் உட்கார்ந்தால் கடைக்காரர், "உங்களால சோப்புதாங்க மிச்சம்" என்பார். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்த பிறகும் கண்ணாடியை விட்டு எழுந்திருக்கமாட்டாராம். யாரோ வரப்போகிறார்கள் என்பது போலப் பார்த்துக்கொண்டே இருப்பாராம்.

எங்கள் வீட்டில் அவருக்குப் பெரிய மரியாதை. எதற்கும் முகம் சுளிக்கமாட்டார் என்று. இறால் பிடித்து முடித்த குட்டையின் அடியில் கறுப்புச் சேறு நாறும்; வேலைக்கு வருகிறவர்கள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். இவர் வெறும் முகத்தோடு இறங்கி, மண்வெட்டியைக் கேட்டு வாங்குவார். ஒருமுறை அம்மா வைத்த கருவாட்டுக் குழம்பு ஊசிப்போயிருந்தது. நாங்கள் எல்லாரும் தட்டைத் தள்ளிவிட்டோம். அவர் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டுவிட்டு, "அம்மா, இன்னுங் கொஞ்சம்" என்றார். அம்மா அதைத் தெருமுழுக்கச் சொன்னாள். "தங்கம்டி என் மருமவன். குத்தம் சொல்லத் தெரியாது."

சனிக்கிழமைதோறும் மேரிக்குப் பூ வாங்கி வருவார். அவள் வைத்துக்கொண்டு வந்து நின்றால், தலையைப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொல்வார்: "நெறைய இருக்கு." மேரி என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்வாள். "எடை போடுறாருடி."

கல்யாணமாகி ஐந்தாவது தைக்கும் பிள்ளை இல்லை. மேரி மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். பெண் மருத்துவரிடம் போனாள். எல்லாப் பரிசோதனையும் நன்றாக இருந்தது. என் கையாலேயே சில செய்தேன். ஆனாலும் மேரியின் மாமியார் விடவில்லை. ஒருநாள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும்போது, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "வெளச்சல் இல்லன்னா மண்ணைத்தான் பாக்கணும்னு சும்மாவா சொன்னாங்க" என்றார்.

மேரி கரண்டியைக் கீழே வைத்தாள்.

அவர் வாயிலிருந்ததை மென்று விழுங்கிவிட்டு, அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "மண்ணைப் பாத்தாச்சும்மா. நல்லா இருக்கு. அப்புறம் வெதையைப் பாக்கணுமில்ல?"

மாமியார் பாதியிலேயே எழுந்து கை கழுவப் போய்விட்டதாக மேரி சொன்னாள். அடுத்த வாரமே அவர் தஞ்சாவூருக்கு வந்தார். ராக்காவல் முடித்து, முதல் பஸ்ஸைப் பிடித்து, சேற்றுக்காலோடு எங்கள் கூடத்தின் வாசலில் நின்றார். ரத்தம் எடுக்கும்போது முதல் தடவை எனக்குச் சிரை கிடைக்கவில்லை. அவர் பார்க்காத மாதிரி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆண்மைச் சுரப்பு மிகவும் குறைவாக இருந்தது. முப்பது வயதுகூட ஆகாதவருக்கு.

அந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அவர் திருத்துறைப்பூண்டியில் ஒரு டாக்டரிடம் போனார். இவருடைய அண்ணன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்தார். தம்பிக்கும் அங்கே வேலைக்கு ஏற்பாடு செய்து, வந்து ஏறவேண்டியதுதான் பாக்கி என்கிற நிலைமை. ஊசி போடவேண்டியிருக்கும் என்று கேள்விப்பட்டு, பண்ணை முதலாளியின் செல்போனில் கூப்பிட்டு அண்ணன் சொன்னது பக்கத்தில் நின்ற எல்லாருக்கும் கேட்டதாம். "ஒரு ஊசிதானடா? போட்டுக்கிட்டு ஏறி வா. இங்க இரும்பு தூக்கணும். ஓன் ஒடம்பை வச்சுக்கிட்டு என்னடா பண்ணுவே?"

டாக்டரும் அதையேதான் சொன்னார். மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. தாடி வரும், தெம்பு வரும், குரல் கனக்கும். இவர் சட்டைக் கையை மடித்து, ஸ்டூலில் உட்கார்ந்து, ஊசியில் மருந்து ஏறுவதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அப்புறம் டாக்டர்?"

"அப்புறம் என்ன அப்புறம்? ஆம்பளையா இருப்பே."

"அது சரிங்க. அப்புறம் பிள்ளை?"

"முதல்ல ஊசியைப் போடு. வெளிய கூட்டம் நிக்குது."

அவர் மடித்த கையை இறக்கிவிட்டு, "கோச்சுக்காதீங்க டாக்டர், கேட்டுட்டு வரேன்" என்று எழுந்து வந்துவிட்டார். யாரைக் கேட்கப்போகிறார் என்று அவருக்கே தெரியாது. வெளியே வந்து பூத்திலிருந்து எனக்குப் போன் செய்தார். என் வாழ்க்கையில் அதுவரை யாரும் என்னிடம் எதையும் கேட்டு முடிவு செய்ததில்லை. எனக்கு எண் தெரியும். எண்ணுக்குப் பின்னால் இருப்பது தெரியாது. "தெரிஞ்சவங்ககிட்ட கூட்டிட்டுப் போறேன் மாமா" என்றேன்.

தஞ்சாவூரில் சுரப்பிகளுக்கென்றே ஒரு அம்மா இருந்தார். நரைத்த தலை, பெரிய கண்ணாடி, யாரையும் அவசரப்படுத்தாத குரல். முதல் கேள்வியே, "ரத்தம் குடுத்ததுக்கு முந்தின நாள் தூங்குனீங்களா?"

"எறாவுக்கு ராத்திரிதாங்க வேலை."

"இந்தச் சுரப்பு தூக்கத்துலதான் ஊறும். நல்லாத் தூங்கி எந்திரிச்சுட்டு, திரும்ப வாங்க."

பண்ணையில் லீவு சொல்லிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து தூங்கினார். அப்படி ஒரு தூக்கத்தை நான் பார்த்ததில்லை. சம்பா கதிர் வாங்குகிற காலம். வாசல் வரை தண்ணீரின் குளிர்ச்சி இருந்தது. நாரைகள் வரப்பில் நின்றபடி உறங்கின. கூடத்துப் பாயில் அந்த நீள உடம்பு, கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நிலைப்படியைத் தாண்டிக் கிடந்தது. விடிந்த பிறகும் எழவில்லை; கோழிகள் அவர் பாதத்தைச் சுற்றிக்கொண்டு போயின. அம்மா அம்மியில் அரைக்காமல் பக்கத்து வீட்டுக்கு எடுத்துப்போனாள். தூக்கத்தில் அவர் விரல்கள் மட்டும் லேசாகச் சுழன்றுகொண்டிருந்தன, பேசினில் தண்ணீரைச் சுற்றிவிடுகிற மாதிரி. மேரி தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் புருஷன் இரவில் தூங்கி அவள் பார்த்தது அபூர்வம்.

மறுபடி எடுத்த ரத்தத்தில் எண் ஒரு விரற்கடை ஏறியது. அவ்வளவுதான். தலைக்குள் படம் எடுத்துப் பார்த்தார்கள். கட்டி எதுவும் இல்லை. மேலே மூளையிலிருந்து கட்டளை அனுப்பவேண்டிய சுரப்புகளும் ரொம்பக் குறைவு.

டாக்டரம்மா தாள்களைக் கீழே வைத்துவிட்டு, சம்பந்தமே இல்லாமல் கேட்டார். "மல்லிகைப்பூ வாசனை எப்படி இருக்கும், சொல்லுங்க?"

அவர் யோசித்தார்.

"வெள்ளையா இருக்கும்" என்றார்.

மேரி திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்கும் தலையில் பூ இருந்தது.

"கருவாடு?"

"அது... எல்லாரும் மூக்கைப் பொத்துவாங்க."

"உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. நான் எதையும் பெருசா எடுத்துக்கமாட்டேன்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க எடுத்துக்காம இல்ல. உங்களுக்கு வாசனையே தெரியாது. பிறந்ததிலிருந்தே. சில பேருக்கு இது ரெண்டும் சேர்ந்துதான் வரும். கருவுல வாசனை நரம்பு வளர்ற வழியிலதான் அந்தக் கட்டளை போடுற செல்லும் மூளைக்குப் போய்ச் சேரணும். உங்களுக்கு அது பாதியில நின்னுடுச்சு."

ஊசிப்போன குழம்பும், கறுப்புச் சேறும், "நெறைய இருக்கு" என்பதும் ஒவ்வொன்றாக என் மனசுக்குள் திரும்பி உட்கார்ந்தன. நாங்கள் குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அவருக்கு அது வருத்தமாகப் படவில்லை. "அப்ப கீழ ஒண்ணும் கெட்டுப்போகலீங்களா?"

"கீழ வயல் நல்லாத்தான் இருக்கு. மேல மதகு திறக்கல."

"கடைமடைங்க நாங்க" என்றார். "தண்ணி வந்து சேராதது பழக்கந்தான்."

அப்போதுதான் டாக்டரம்மா சிரித்தார். பிறகு ஒவ்வொரு வழியாகச் சொன்னார். அவர் ஒவ்வொன்றுக்கும் கடைசியில் அதே வார்த்தையைக் கேட்டார். அந்த அம்மாவுக்கு அது பிடித்துப்போய்விட்டது என்று நினைக்கிறேன். அவர் கேட்பதற்காகவே நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"ஒண்ணுமே பண்ணாம விட்டா?"

"சோர்வு போகாது. வயசு ஏற ஏற எலும்பு நொறுங்கும். அதனால ஏதோ ஒண்ணு பண்ணித்தான் ஆகணும்."

"மாத்திரை இல்லீங்களா?"

"இருக்கு. ஆனா மேல மதகுல ஆள் இருந்து, தூங்கிட்டிருந்தா, மாத்திரை போய் எழுப்பும். உங்க மதகுல ஆளே இல்ல."

"திருத்துறைப்பூண்டில சொன்ன ஊசி?"

"நல்ல ஊசிதான். சுரப்பையே நேரா உடம்புல ஏத்துறது. சீக்கிரம் தெம்பு வரும், தாடி வரும். சிங்கப்பூர் போகலாம்."

"அப்புறம்?"

"அதைப் போட்டுக்கிட்டிருக்கிற வரைக்கும் பிள்ளைக்கு வழியில்ல. இப்ப ஒரு சொட்டு ஊறுதே, அதுவும் நின்னுடும். வேணும்னா பின்னாடி நிறுத்திட்டு அடுத்த வழிக்கு வரலாம். பல பேர் வந்திருக்காங்க. அப்ப எவ்வளவு காலம் ஆகும்னு இப்ப என்னால சொல்ல முடியாது."

"அடுத்த வழி?"

"மேலேயிருந்து வரவேண்டிய கட்டளையையே ஊசியாப் போடுறது. வாரத்துல ரெண்டு மூணு தடவை, வயித்துத் தோல்ல. உடம்பு தானே ஊற ஆரம்பிக்கும். தாடியும் வரும், மெல்ல. ஆறு மாசம் ஆகலாம், ரெண்டு வருஷம் ஆகலாம். கொஞ்ச நாள் கழிச்சு இன்னொரு ஊசியும் சேர்க்கணும். ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்கணும்."

"அப்புறம் பிள்ளை வந்துடுங்களா?"

"வர வாய்ப்பு நல்லாவே இருக்கு. வரும்னு கையெழுத்துப் போட்டுத் தரமாட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். அவருக்குப் பதில் முழுசாகக் கிடைத்துவிட்டது. முதன்முறையாக ஒருவர் கடைசி 'அப்புறம்' வரை கூடவே வந்திருக்கிறார்.

சாயங்காலம் நீடாமங்கலம் வழியாக பஸ்ஸில் திரும்பினோம். அவர்கள் இரண்டு பேரும் முன் சீட்டில், நான் பின்னால். ஜன்னலுக்கு வெளியே பச்சை மெல்ல நீலமாகிக்கொண்டிருந்தது. வெண்ணாற்றைத் தாண்டும்போது பஸ் ஓடுகிறதா, ஆறு ஓடுகிறதா என்று புரியாத ஒரு நிமிஷம் வந்தது. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

"பொரிப்பகத்துல ஒரு வருசம் வேலை பாத்தேன் மேரி, ஒன்னைக் கட்டுறதுக்கு முன்னாடி. கடல்லேருந்து தாய் எறா கொண்டாருவாங்க. தொட்டியில விட்டா லேசுல முட்டை வைக்காது. அதுக்கு ஒரு வேலை பண்ணுவாங்க. ஒரு கண்ணைக் கிள்ளி விட்டுருவாங்க."

"அய்யோ. ஏங்க?"

"கண்ணுக் காம்புலதான், இப்ப வேணாம், பொறுன்னு சொல்றது இருக்காம். அதைக் கிள்ளிட்டா பொறுக்காது. சீக்கிரமே மடமடன்னு முட்டை வச்சுடும். நான் மேஸ்திரிகிட்ட கேட்டேன், அப்புறம்னு. அவன் சிரிச்சான். அப்புறம் வேற தாய் எறா வாங்குவோம்னான்."

மேரி மடியிலிருந்த ஆஸ்பத்திரிக் கவரைத் திருப்பி வைத்தாள்.

"ஆனா எனக்குத் தாடி வேணும்னு இருக்கு மேரி." இதைச் சொல்லும்போது அவர் குரல் இன்னும் சிறுத்துப்போனது. "பொய் சொல்லல. சலூன் கண்ணாடியில ஒரு தடவையாவது அந்த ஆளைப் பாத்துடணும்னு இருக்கு. ஒடம்புல தெம்புன்னா என்னன்னு தெரிஞ்சுக்கணும்னு இருக்கு. அண்ணன் கூப்பிடுறான். போயிட்டா ஊர்ல ஒருத்தன் வாயைத் தொறக்கமாட்டான். அந்த ஊசியைப் போட்டா ரெண்டு மாசத்துல தாடி வந்துடும்."

இத்தனை வருஷத்தில் அவர் தனக்கு வேண்டும் என்று எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. என் அக்கா என்ன சொல்வாள் என்று கேட்க நான் முன் சீட்டை நோக்கிக் குனிந்தேன். சரி, போய்வாருங்கள் என்பாளா? அவளுக்கும்தான் முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. காத்திருந்து காத்திருந்து ஒன்றும் இல்லாமல் போனால் பழி யார் தலையில் விழும் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் வேறு எதையோ சொன்னாள். "இனிமே பூ வாங்காதீங்க."

"ஏன்?"

"அஞ்சு வருசமா நான் என்னமோ நெனச்சு வச்சுக்கிட்டிருந்தேன். வாசனையே தெரியாதவருக்கு எதுக்கு?"

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். "வாங்குவேன்" என்றார். "நீ வச்சுக்கிட்டு தெருவுல வர்றப்ப எதுக்க வர்றவங்க மூஞ்சி மாறும் பாரு, லேசா. அதைப் பாத்துத்தான் இன்னிக்குப் பூ நல்ல பூவா இல்லையான்னு எனக்குத் தெரியும். எனக்கு அது போதும்."

மேரி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. முந்தானைக்குள்ளிருந்தே கேட்டாள்:

"தாடி மெல்ல வந்தா ஆகாதா?"

"ஆகும்" என்றார் அவர்.

மன்னார்குடி வந்தது. டீ விற்கிறவர் ஜன்னலோரம் ஓடி வந்தார். மூன்று டீ வாங்கினோம். முடிவு அப்படித்தான் எடுக்கப்பட்டது.

சிங்கப்பூர் வேலைக்கு வேறொருவர் போனார். அண்ணன், "பொண்டாட்டி முந்தானையிலேயே கெட" என்று சொல்லிவிட்டு ஒரு வருஷம் பேசவில்லை. ஊசி போடுவது எப்படி என்று மேரிக்கு நான் கற்றுக்கொடுத்தேன், ஒரு கத்திரிக்காயில். சாயங்காலம் அவர் பண்ணைக்குப் புறப்படும் முன், கதவைச் சாத்திக்கொண்டு, விளக்கு வைத்துவிட்டு, அவள் போட்டுவிடுவாள். நாற்று முடிச்சு போட்ட விரல்கள், நடுங்காது. குத்தும்போது அவர் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். ஒவ்வொரு தடவையும், "ஆச்சா?" என்பார். "ஆச்சு." "சரி" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

மருந்தைக் குளிரில் வைக்கவேண்டும். வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. பண்ணையில் ஐஸுக்குப் பஞ்சமில்லையே என்று அவர் தெர்மோகோல் பெட்டியில் ஐஸை நொறுக்கி, இறாலுக்குப் போடுகிற மாதிரியே உப்புத் தூவி, மருந்துப் புட்டிகளை உள்ளே புதைத்துவிட்டார். உப்புப் போட்ட ஐஸ் அளவுக்கு மீறிக் குளிரும். கரைத்து வைத்திருந்த மருந்து கல்லாக உறைந்து, புட்டி விரிசல் விட்டது. மேரி போனில் அழுதாள். நான் அவரிடம் கேட்டேன், ஏன் மாமா, உப்பு எதற்கு என்று. "கெடாம இருக்கணும்ல பாப்பா" என்றார். பிறகு முதலாளி வீட்டு ஃப்ரிட்ஜில், முட்டை வைக்கிற குழியில், அந்தப் புட்டிகளுக்கு இடம் கிடைத்தது. முதலாளியம்மா என்ன மருந்து என்று கேட்டபோது, "என் மதகுக்கு" என்று சொன்னாராம்.

சலூன்காரர்தான் முதலில் கண்டுபிடித்தார். சோப்புப் போட்டுக் கத்தியை வைத்தவர், நிறுத்தி, விரலால் தாடையைத் தடவிப் பார்த்து, "அட" என்றார். இவர் அன்றைக்கு ஷேவ் செய்யாமலே சோப்பைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டார்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் குட்டைகளில் வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. பண்ணையை மூடிவிட்டார்கள். அவரும் மேரியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆந்திராப் பக்கம், நெல்லூருக்குக் கிழக்கே ஏதோ ஒரு கடலோரத்துக்குப் போய்விட்டார்கள். அங்கேயும் இறால்தான். ஆமாம், குழந்தை. பெண். அந்தப் பிறப்பை நான் சொல்லப்போவதில்லை. பிறப்பு எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதான். அவரை நினைக்கும்போது எனக்கு வருவது அதற்கு முந்தின ஒரு காலை.

பரிசோதனைக்கு விந்து கொடுத்துவிட்டு அவர் பண்ணைக்குப் பஸ் ஏறியிருந்தார். இதற்கு முன் இரண்டு முறை பார்த்தபோதும் ஒன்றுமே இல்லை. சொந்தக்காரர் என்பதால் நான் பார்க்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்; கூட வேலை செய்கிற செல்வி அக்காதான் நுண்ணோக்கியில் குனிந்திருந்தார். நான் குழாய் கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்தபடியே நின்றேன் என்று பின்னால் திட்டினார்கள்.

"இங்க வாடி" என்றார் செல்வி அக்கா.

"நான் பாக்கலக்கா."

"ஒங்க மாமான்னு நெனைக்காதே. தண்ணின்னு நெனச்சுப் பாரு."

குனிந்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. வெறும் வெளிச்சம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெளிச்சம் தானாக அசைவது போலிருந்தது. பிறகு ஒன்று பிடிபட்டது, இமைமுடித் துண்டு மாதிரி. அப்புறம் இன்னொன்று. அப்புறம் ஓரத்தில் ஒன்று, வாலை அடித்துக்கொண்டு, எங்கோ போகிற வழி தெரிந்த மாதிரி.

அவர் போய்ச் சேருகிற நேரம் வரை பொறுத்து, பண்ணை செல்போனுக்குக் கூப்பிட்டேன். எடுத்தது யாரோ, கனத்த குரல். "மாமா இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"நான்தான் பாப்பா."

பின்னால் துடுப்புச் சக்கரங்கள் தண்ணீரைக் கடைகிற சத்தம் கேட்டது.

"இருக்கு மாமா" என்றேன். "கொஞ்சந்தான். ஆனா உசுரோட இருக்கு. ஓடுது."

நான் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அதற்கான பதிலைக்கூட டாக்டரம்மா மாதிரி மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன்.

அவர் கேட்டது வேறு.

"எதிர்த்து நீந்துதா?"

நான் படித்த எந்தப் படிப்பிலும் அதற்குப் பதில் இல்லை. கண்ணாடித் துண்டில் ஏது சுழல், ஏது ஓட்டம்?

"நீந்துது மாமா" என்றேன்.

"சரி" என்றார். "அக்காகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா அழுதுடுவேன்."

போனை அணைக்க அவருக்குத் தெரியாது. அதை வரப்பில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஈரத்தில் அவர் கால்கள் மெல்ல விலகிப் போகிற சத்தம். பிறகு கை நுழைந்து, ஒரு சுற்றுச் சுற்றிவிட்ட தண்ணீர்ச் சத்தம். நான் காதிலிருந்து போனை எடுக்கவில்லை.